பெரிய வண்டி நின்ற இடத்திலிருந்து...

வேனில் குடும்பத்தோடு புறப்படுவதென்றால் நம் இல்லங்களில் அது ஊர் பார்க்கும் பயணம் மட்டுமன்று. வீட்டையே பெயர்த்து எடுத்துச் செல்லும் ஏற்பாடு. பாய், தலையணை, தண்ணீர்க் குடம், எரிவாயு அடுப்பு, புளிச்சோற்றுத் தூக்கு, தேநீர்ச் சட்டி, குழந்தைக்குத் தொட்டில் கட்டச் சேலை என்று ஒவ்வொன்றாய் ஏறும். வழியில் ஒரு மரத்தடி கிடைத்தால் அதுவே அடுக்களை. அங்கே விரித்த பாய்தான் தொழுகைக்கும் உணவுக்கும் இடம். இத்தனையும் எடுத்து வைத்த பிறகும் ஒன்றை மறந்துவிடுகிறோம். பெரிய வண்டி எங்கே நிற்கும், அங்கிருந்து நாம் காண வந்த வீட்டு வாசல் வரை எதில் போவது என்பதே அது. அந்த மறதிக்கு நான் கொடுத்த விலையையும், அதைத் திருத்திக்கொண்ட விதத்தையும் வாசகர்களிடம் சொல்லவே இந்தக் கட்டுரை.

கடலைப் பார்த்துத் திரும்பிய கதை

என் உம்மா பிறந்து வளர்ந்தது புதுவையில். உம்மாவின் தந்தையார் அதிராம்பட்டினத்திலிருந்து சென்று அங்கே துணிக்கடை வைத்திருந்தார். முல்லா வீதிப் பகுதியில் வாடகை வீடு. 1962இல், அதாவது புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த ஆண்டில், கடையைக் கைமாற்றிவிட்டு அவர் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். உம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. உடன் அமர்ந்து குர்ஆன் ஓதிய தோழியை வாசலில் நிறுத்திவிட்டு மாட்டு வண்டி ஏறியதைச் சிறு வயதில் எங்களுக்குக் கதை போலச் சொல்லுவார்கள். அந்தத் தோழி இன்னும் அதே பகுதியில்தான் இருக்கிறார், கண் பார்வை மங்கிவிட்டது, வெளியே வருவதில்லை என்று ஒரு திருமண வீட்டில் உறவினர் வழியாக ஸலாம் வந்து சேர்ந்தது.

மூன்றாண்டுகளுக்கு முன் பதினோரு பேராகப் புறப்பட்டோம். வழியெல்லாம் நின்று நின்று சென்றதில் புதுவை சேரும்போது மாலையாகிவிட்டது. கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலை வரை வாகனங்களுக்கு அனுமதியில்லை. நகரின் உட்தெருக்களோ பல ஒருவழிப் பாதைகள். இரு புறமும் இரு சக்கர வண்டிகள் வரிசையாக நின்றன. எங்கள் ஓட்டுநர் நான்கைந்து முறை சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுக்கு மேல போகாது ஹஜ்ரத்” என்று ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். உம்மாவுக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்தவை. வீட்டு முற்றத்தைக் கடப்பதே பெரும்பாடு. ஓர் ஆட்டோவை அழைத்தோம். காலைத் தூக்கி அதன் தளத்தில் வைக்க மூன்று முறை முயன்றார்கள்; இயலவில்லை. போவோர் வருவோர் நின்று பார்க்கத் தொடங்கினர். “போதும் வாப்பா, விடு” என்றார்கள். கைத்தாங்கலாகக் கடலோரம் வரை அழைத்துச் சென்று அமர்த்தினோம். இரவு ஊருக்குத் திரும்பும் வழி முழுவதும் உம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்தவரால் கடைசி அரை மைலைக் கடக்க முடியவில்லை. குறை ஊரிலுமில்லை, ஆட்டோவிலுமில்லை. திட்டமிட்ட என்னிடமே இருந்தது.

பின்னால் தொடரும் சின்ன வண்டி

அமெரிக்காவிலிருக்கும் என் சாச்சா மகனிடம் இதைத் தொலைபேசியில் சொல்லி வருந்தியபோது அவன் சிரித்துவிட்டான். “காக்கா, இங்கே இதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க” என்றான். அங்கே ‘மோட்டார் ஹோம்’ என்னும் வீட்டு வண்டிகள் உண்டு. படுக்கை, அடுக்களை, கழிப்பறை எல்லாம் அடங்கிய, பேருந்தளவு நீளமுள்ள வண்டிகள். அத்தகைய வண்டியைக் கடைத்தெருவுக்குள் ஓட்ட முடியாது. ஆகவே அதன் பின்னால் ஒரு சின்னக் காரைக் கட்டி இழுத்து வருவார்கள். முகாமில் வீட்டு வண்டியை நிறுத்திவிட்டுச் சின்னக் காரைக் கழற்றிக்கொண்டு ஊருக்குள் போவார்கள்.

அந்தச் சின்னக் காரைத் தேர்ந்தெடுப்பதும் எளிதன்று என்று அவன் விளக்கினான். முதலில் எடை. வீட்டு வண்டியும் அதன் கொக்கியும் எவ்வளவு இழுக்கலாம் என்று வரம்பு உண்டு. கார் அதற்குள் அடங்க வேண்டும். அடுத்தது கியர்ப் பெட்டி. நான்கு சக்கரமும் தரையில் உருள இழுப்பதானால், அப்படி இழுக்கலாம் என்று காரின் கையேடே சொல்லியிருக்க வேண்டும். தானியங்கிக் கியர் கொண்ட கார்கள் பலவற்றில் எஞ்சின் ஓடினால்தான் கியர்ப் பெட்டிக்குள் எண்ணெய் சுழலும். எஞ்சினை நிறுத்திவிட்டு நூறு மைல் இழுத்தால் உள்ளே எல்லாம் தீய்ந்துபோகும். அத்தகைய காரை முன் சக்கரங்கள் தரையில் படாதபடி சிறு தள்ளுவண்டியில் ஏற்றியோ, முழுவதையும் டிரெய்லரில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும். பிறகு, பின்னால் வரும் காருக்கும் பிரேக் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். முன் வண்டியின் விளக்குகளோடு அதன் பின் விளக்குகளும் எரிய வேண்டும். இவ்வளவு செய்த பிறகும், காரைக் கழற்றாமல் வண்டியைப் பின்னோக்கி நகர்த்துவது ஆகாது.

நான் கேட்டுக்கொண்டே வந்தேன். எடை, கியர், பிரேக், விளக்கு. எல்லாம் இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் உள்ள பொருத்தம். “ஏறி உட்காருகிறவருக்குப் பொருந்துமா என்று பார்ப்பதில்லையா?” என்றேன். சற்று யோசித்து, “அதைத்தான் முதல்ல பார்க்கணும் காக்கா” என்றான்.

நம் நாட்டில் இந்த வழி கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழுதுபட்டு நகர இயலாத வண்டி, முழுமையாகக் கட்டி முடிக்கப்படாத வண்டி, பதிவு பெற்ற டிரெய்லர், பக்கப்பெட்டி ஆகியவற்றைத் தவிர வேறெதையும் மோட்டார் வண்டி இழுத்துச் செல்லலாகாது என்று 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகள் வரையறுத்தன. அவற்றுக்கு மாற்றாக 2017இல் வந்த விதிகளும் அந்தப் போக்கினையே பின்பற்றின. நல்ல நிலையிலுள்ள காரை வசதிக்காகப் பின்னால் கட்டிக்கொண்டு போக நமக்கு இடமில்லை. நமக்குரிய சின்ன வண்டியைச் சென்று சேரும் ஊரில்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

சின்ன வண்டிகளின் ஊர்

அவ்வாறு தேடுவதற்குப் புதுவை ஏற்ற ஊர் என்றே சொல்ல வேண்டும். அது சின்ன வண்டிக்கென்றே அமைந்த நகரம். 1693இல் டச்சுக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இவ்வூரைக் கைப்பற்றி, 1699 வரை வைத்திருந்தனர். நூல் பிடித்தாற்போல் நேராக ஓடி ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும் தெருக்களின் திட்டம் அவர்கள் வரைந்தது. 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கினர். பிரெஞ்சுக்காரர்கள் மீண்டும் கட்டியபோதும் அதே நேர்க்கோடுகள் நிலைத்தன. பல்லக்கும் மாட்டு வண்டியும் குதிரையும் போன காலத்துத் தெருக்கள் அவை. நான்கு புறமும் புல்வார்டு எனப்படும் அகன்ற சாலைகள். நடுவே வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்த கால்வாய். தமிழர் பகுதியின் தென்புறத்தில், ரயில் நிலையத்துக்கு வெகு தொலைவின்றி, முல்லா வீதியும் காஜியார் வீதியும் பள்ளிவாசல்களுமாக நம் சமுதாயத்தார் வாழும் பகுதி அமைந்திருக்கிறது. தெருவை நோக்கித் தாழ்ந்த தாழ்வாரமும் திண்ணையும் தமிழ்நாட்டு முறை. மேல்மாடத்தின் வளைவும் கைப்பிடியும் பிரெஞ்சுச் சாயல்.

இந்தத் தெருக்களில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஒரு விந்தையான வண்டி ஓடியது. பிரெஞ்சு மொழியில் அதற்குப் ‘பூஸ்-பூஸ்’ என்று பெயர். ‘தள்ளு தள்ளு’ என்று பொருள். நம்மவர் நாவில் அது ‘புஷ் வண்டி’ ஆயிற்று. மேலே ஒரு விதானம், அதன் கீழ் ஒரு நாற்காலி, சிறு சக்கரங்கள். அமர்ந்திருப்பவர் கையில் ஒரு தண்டு இருக்கும். அதைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்பும். ஆனால் வண்டி நகர்வதற்குப் பின்னால் ஒரு மனிதர் தள்ள வேண்டும். திசை அமர்ந்தவருடையது, உழைப்பு பின்னால் இருப்பவருடையது. புதுவை அருங்காட்சியகத்தில் பல்லக்கோடு இந்த வண்டியையும் காணலாம்.

புஷ் வண்டிக்குப் பின் சைக்கிள் ரிக்‌ஷா வந்தது; அதன் பின் ஆட்டோ. தமிழ்நாட்டில் கையால் இழுக்கும் ரிக்‌ஷா 1973இல் ஒழிக்கப்பட்டது. 2015இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தோடு மின்கல ரிக்‌ஷாவுக்கும் நாடெங்கும் இடம் கிடைத்தது. அது நான்கு பயணிகளையும் நாற்பது கிலோ சுமையையும் ஏற்றி, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாமல் செல்லும். இவை தவிரப் புதுவையில் வாடகைக்கு மிதிவண்டியும் ஸ்கூட்டரும் எளிதில் கிடைக்கும். வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் வண்டி என்றால், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவே முறைப்படி வாடகைக்குப் பதிவான வண்டியின் அடையாளம்.

அளவு நாடா எடுத்தேன்

இம்முறை புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே அளவு நாடாவை எடுத்தேன். வண்டியை அளப்பதற்கு முன் உம்மாவை அளந்தேன். வீட்டில் அவர்கள் பிறர் துணையின்றி ஏறும் படி ஒரு சாண் உயரம். அதற்கு மேல் கால் எழாது. எழும்போது வலக்கையால் எதையாவது இறுகப் பற்றவேண்டும். தாழ்ந்த இருக்கையில் அமர்ந்தால் எழ முடியாது. நாற்காலி உயரம் வேண்டும். பக்கவாட்டில் திரும்பி அமர்ந்தால் தலை சுற்றும். இவைதாம் என் நான்கு அளவுகள்.

ஸ்கூட்டர் முதலிலேயே தள்ளுபடியாயிற்று. சக்கர நாற்காலியை வேனில் ஏற்றிச் செல்லலாம் என்றேன். “அறுபது வருஷத்துக்கப்புறம் அவ முன்னாடி நோயாளியா போய் நிக்கவா?” என்று உம்மா மறுத்துவிட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. மின்கல ரிக்‌ஷாவின் தளம் தாழ்வானது. ஆனால் நாங்கள் தேடும் நேரத்தில் கிடைக்கும் என்ற உறுதியில்லை. எஞ்சியது ஆட்டோ. எங்கள் தெரு ஆட்டோவின் தளத்தை அளந்தேன். ஒன்றரைச் சாணுக்கு மேல். முன்பு தோற்ற இடம் இதுதான். இருக்கை உயரம் சரி. முன் நோக்கி அமரலாம். பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. குறை அந்தப் படி ஒன்றுதான். அடுக்களையில் உம்மா அமரும் மரப் பலகையைக் கொண்டுவந்து ஆட்டோவின் அருகில் வைத்தேன். ஒரு பெரிய படி இரண்டு சிறிய படிகளாயிற்று. உம்மா பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறி அமர்ந்துவிட்டார்கள். மூன்றாண்டுகளாக என் நெஞ்சில் கிடந்த பாரத்தை ஒரு மரப் பலகை இறக்கி வைத்தது.

மீண்டும் புதுவை

மதரஸாவின் விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்துகொண்டோம். ஞாயிறன்று மகாத்மா காந்தி சாலையில் கூடும் சந்தை நெரிசலும், வெள்ளியன்று ஜும்ஆ நேரத்துக் கூட்டமும் வேண்டாமென்று கருதினோம். விடியுமுன் புறப்பட்டு, நாகூர், காரைக்கால் கடந்து, சிதம்பரத்துக்கு அப்பால் ஒரு புளியமரத்தடியில் காலை உணவை முடித்துக்கொண்டு, முற்பகலில் புதுவை ரயில் நிலையத்தருகே வேனை நிறுத்தினோம்.

நான் ஆட்டோ பேசிக்கொண்டிருக்கையில் முதியவர் ஒருவர் சைக்கிள் ரிக்‌ஷாவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “பாய், அம்மாவை நான் மெதுவா கூட்டிட்டுப் போறேன். ஆட்டோக்காரன் குலுக்கிடுவான்” என்றார். ரிக்‌ஷாவின் இருக்கை உயரம்தான். எனினும் பலகை இருக்கிறதே என்று நான் எண்ணினேன். உம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என் காதருகில், “அந்த மனுசருக்கு என் வயசு இருக்கும் போல. அவர் மிதிக்க நான் உட்கார்ந்து போறதா? வேண்டாம் வாப்பா” என்றார்கள்.

எனக்குத் தர்மசங்கடமாயிற்று. உம்மா சொன்னது இரக்கம். ஆனால் அந்த இரக்கத்தால் முதியவருக்கு அன்றைய கூலி போய்விடும். புஷ் வண்டியில் அமர்ந்திருந்தவருக்குப் பின்னால் தள்ளியவரின் முகம் தெரிந்திராது. எங்கள் முன் நின்றவரின் முகமோ நன்றாகவே தெரிந்தது. ஏறினாலும் மனம் உறுத்தும், ஏறாமற்போனாலும் உறுத்தும். தீர்வை உம்மாவே சொன்னார்கள். “பழக்கூடை, பலகாரப் பெட்டி, துணி மூட்டை எல்லாத்தையும் அவர் வண்டியில ஏத்து. ஆளுக்கு என்ன கூலியோ அதையே கொடு.” முதியவர் சிரித்தார். “அம்மா கணக்கே வேற” என்று மூட்டைகளை வாங்கி அடுக்கினார். சுமையும் அவருக்கு இலேசு. நடைவேகத்தில் வந்தால் போதும்.

பலகையை வைத்தோம். ஆட்டோத் தம்பி கையைப் பிடித்துக்கொள்ள, உம்மா ஏறினார்கள். வழி தெரிந்த முதியவர் முன்னே மிதிக்க, ஆட்டோ அவருக்குப் பின்னால் ஊர்ந்தது. பிள்ளைகள் இருபுறமும் நடந்து வந்தனர். தெரு முனைகளில் நீலப் பலகையில் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய பெயர்களை என் மகள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். உம்மாவுக்கு அவை தேவைப்படவில்லை. “இங்கே ஒரு கிணறு இருந்துச்சு”, “இந்தத் திண்ணையில ரொட்டிக்காரர் கூடையை இறக்குவார்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். சொன்னவற்றில் பாதி இப்போது இல்லை. இருந்தாலும் வண்டி மெதுவாகப் போனதால்தான் அவர்களால் தேட முடிந்தது.

தோழியின் வீட்டு வாசலில் பலகை மீண்டும் இறங்கியது. உள்ளே கட்டிலில் அமர்ந்திருந்த அந்த அம்மையாருக்கு நிழல் மட்டுமே தெரியும் என்று மருமகள் சொன்னார். உம்மா அருகில் சென்று ஸலாம் சொன்னார்கள். அவர் பதில் சொல்லிவிட்டு, யாரென்று கேட்கவில்லை. கையை நீட்டி உம்மாவின் முகத்தைத் தடவினார். நெற்றியோரத்தில் சிறு வயதில் விழுந்து பட்ட தழும்பு ஒன்றுண்டு. விரல் அங்கே வந்ததும் நின்றது. “கிணத்தடியில விழுந்தவ” என்றார். அதன் பிறகு எங்களுக்கு அங்கே வேலையில்லை. ஆண்கள் ளுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டோம்.

மாலையில் விடைபெறும்போது அந்த அம்மையார், “நான் எப்படி உங்க ஊருக்கு வர்றது?” என்று கேட்டார். உம்மா தயங்காமல், “பலகையை அனுப்பி வைக்கிறேன்” என்றார்கள்.

எளியவரின் அளவு

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணங்களில் கூட்டத்துக்குப் பின்னே தங்கி, நலிந்தவரை ஊக்கி நடத்துவார்கள். தம் வாகனத்தில் பின்னே ஏற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காகப் பிரார்த்திப்பார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மாணவர்க்கு நான் ஆண்டுதோறும் பாடம் சொல்லும் நபிமொழிதான். ஆனால் முதற்பயணத்தில் எத்தனை இருக்கை, எவ்வளவு வாடகை என்றே பார்த்தேன். கூட்டத்தில் மிக மெலிந்தவர் எவரோ அவரிலிருந்து கணக்கைத் தொடங்கவில்லை.

அன்பு வாசகர்களே! அடுத்த முறை வேன் பேசும்போது மூன்றைச் செய்யுங்கள். வேன் எங்கே நிற்கும், அங்கிருந்து வாசல் வரை எவ்வளவு தொலைவு என்று உள்ளூரில் ஒருவரிடம் கேட்டு வையுங்கள். வீட்டில் மூத்தவர் எவ்வளவு உயரம் காலெடுத்து வைப்பார், எதைப் பிடித்து எழுவார் என்று வீட்டிலேயே பாருங்கள். அந்த அளவுக்குப் பொருந்தும் சின்ன வண்டியை, மெதுவாகப் போகவும் காத்திருக்கவும் இசையும் ஓட்டுநரை, அதற்குரிய கூலியோடு பேசிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அந்த மரப் பலகை இப்போது அடுக்களைக்குத் திரும்பவில்லை. பயணப் பைகளோடு அலமாரியில் இருக்கிறது. புதுவையிலிருந்து ஒரு விருந்தாளியை அழைத்துவர வேண்டியிருக்கிறது, இன்ஷா அல்லாஹ்.